எஃப்-1 விசாவில் ஒரு பிட்ச்சர்

அரிசோனாவின் சாண்ட்லருக்கு வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கமான தடம் உண்டு. எம்.எஸ்., அப்புறம் வேலை, அப்புறம் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். நானும் அப்படித்தான் வந்தேன். என் தம்பி மட்டும் எஃப்-1 என்ற மாணவர் விசாவில், பேஸ்பாலில் பந்து வீசும் பிட்ச்சராக வந்தான்.

ஊரில் அவன் ஆடியது கிரிக்கெட். பவுலிங் சுமார்தான். ஆனால் பவுண்டரி லைனில் பந்தை எடுத்து எறிந்தால் கீப்பர் கையில் நேராகப் போய் இறங்கும். கல்லூரியில் பேஸ்பால் அணிக்கு ஆள் போதவில்லை என்று பி.டி. சார் இழுத்துப் போட, பைத்தியம் அங்கே பிடித்தது. ஃபீனிக்ஸ் பக்கத்து கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடக் கல்லூரி) கோச் ஒருவர் அவன் வீடியோவைப் பார்த்து வரச் சொன்னார். என் ஹால் சோபா அவன் படுக்கையானது.

முதல் செமஸ்டர் அவனைப் புரட்டி எடுத்துவிட்டது. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் நோ-பால். இங்கே மடக்கிய கையை விசிறி எறிவதுதான் தொழிலே. ஓடி வரவும் முடியாது. 10 அங்குல மேட்டில் நின்றபடி, 60 அடி 6 அங்குலம் தள்ளி, மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு வீச வேண்டும். ஓட்டத்தில் கிடைத்த வேகம் முழுவதையும் இடுப்பிலும் தொடையிலும் தேடிப் பிடித்தாக வேண்டும். இப்போது மணிக்கு 86 மைலைத் தொடுகிறான். பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் சராசரி ஃபாஸ்ட்பாலே 94 மைல் பக்கம். இந்த எட்டு மைலுக்காகத்தான் விடிவதற்குள் எழுந்து ஜிம்முக்கு ஓடுகிறான்.

ஊர் பழகும் விஷயத்தில் என்னை முந்திவிட்டான். எனக்கு ஆபீஸ், தமிழ் நண்பர்கள், தமிழ்க் கடை என்று வருடங்கள் ஓடிவிட்டன. இந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இவன் டொமினிக்கன் பையன், மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்த பையன், பக்கத்து ஊரான மேசாவின் பையன் என்று அணிக்காரர்களோடு ஒரே பஸ்ஸில் போய் வருகிறான். ஆங்கிலத்தைவிட ஸ்பானிஷ் வேகமாக வருகிறது, அதிலும் கெட்ட வார்த்தைகள். ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பும் பழக்கமும் வந்துவிட்டது. தோல் என் கார்ப்பெட்டில் கிடக்கிறது. அணியில் அவனை 'குமார்' என்று கூப்பிடுகிறார்கள். அவன் பெயர் அதுவே இல்லை! 2024இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு ஆட வந்த குமார் ராக்கரின் அம்மா இந்திய வம்சாவளி. அந்தப் பையன்களுக்குத் தெரிந்த ஒரே இந்தியப் பெயர் அது.

அவர்களுக்கும் இவனுக்கும் உள்ள வித்தியாசம் காசு விஷயத்தில் தெரியும். மேசா பையன் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்துச் செலவுக்குச் சம்பாதிக்கிறான். எஃப்-1இல் இருப்பவனுக்கு அது கூடாது. காலேஜுக்குள்ளேயே வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், அவ்வளவுதான். ஊர் ஊராகப் போய் ஆடினாலும் முழுநேரப் படிப்புக்கான 12 கிரெடிட் குறையக் கூடாது. குறைந்தால் விசாவே ஆட்டம் கண்டுவிடும்.

எனக்கு பயம் அவன் முழங்கையைப் பற்றித்தான். அங்கே தசைநார் கிழிந்தால் 1974 வரைக்கும் பிட்ச்சரின் கதை முடிந்தது. அந்த வருடம் டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்த ஆபரேஷன் இன்று டாமி ஜான் பெயராலேயே நடக்கிறது. ஆனாலும் திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இவனுக்கு அந்த ஒரு வருடத்தை யார் தருவார்கள்? "அக்கா, சும்மா கையையே பார்க்காதே" என்று எரிந்து விழுகிறான்.

அம்மாவுக்கு ரிங்கு சிங், தினேஷ் படேல் கதையைச் சொல்லிவிட்டான். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள், 2008இல் ஒரு டிவி போட்டி வழியாகத் தேர்வாகி பிட்ஸ்பர்க் பைரேட்ஸில் ஒப்பந்தம் பெற்றவர்கள். இருவரும் மேஜர் லீக் வரை போகவில்லை என்பதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கிளப்புகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 20 சுற்று, அறுநூற்றுச் சொச்சம் பேர். அதில் பெயர் வந்தாலும் 2023 ஒப்பந்தப்படி, மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கின் அடிமட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் வருடத்துக்கு 19,800 டாலர். ஏறக்குறைய என் ஃபிளாட் வாடகை. அப்போது கிடைக்கும் விசாவும் கிளப்போடு கட்டியது. கிளப் விடுவித்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால் இப்போது வீட்டில் சண்டை, அடுத்துப் போகும் நான்கு வருடக் கல்லூரியில் என்ன படிப்பது என்று. அவன் உடலியக்க அறிவியல் என்கிறான். கம்ப்யூட்டர் எடுத்தால், படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி.யில் ஒரு வேலையாவது கிடைக்கும் என்கிறேன் நான். விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குள் யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டும். அவன் வரமாட்டான், எனக்குத் தெரியும்.