ஷாம்பெயின் குளிரும் க்ளீக்கோ அம்மையாரின் நிலவறையும்

ஷாம்பெயின் என்ற நுரைக்கும் ஒயினால் பெயர் பெற்ற பார்ப்-நிக்கோல் க்ளீக்கோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைத்தான் பாடுகிறார்கள். 1805 அக்டோபரில் கணவர் பிரான்சுவா இறந்தபோது அவருக்கு வயது 27, கையில் ஒரு பெண் குழந்தை. பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் மாமனார் 1772இல் தொடங்கிய ஒயின் வியாபாரத்தை இழுத்து மூடிவிடலாம் என்ற பேச்சு. அவர் மூடவிடவில்லை. எல்லாம் உண்மை. ஆனால் துணிச்சலை வைத்து ஒயினைத் தெளிய வைக்க முடியாது. என்னைக் கேட்டால் அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது சர்க்கரை, வண்டல், சரக்கு இருப்பு மூன்றிலும் அவர் காட்டிய பிடிவாதம்.

சட்டம் அவருக்கு ஒரு சந்து விட்டிருந்தது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டப்படி கணவன் உள்ள பெண் அவன் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது, விதவை போடலாம். அவர் மறுமணம் செய்துகொள்ளவே இல்லை.

ரெய்ம்ஸைச் சுற்றியுள்ள ஷாம்பெயின் பகுதி ஏறத்தாழ 49 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. திராட்சை முழுதாகப் பழுக்கும் முன்பே குளிர் தொட்டுவிடும். அதனால் பழத்தில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம். அறுவடை முடிந்து பீப்பாயில் நொதிக்கத் தொடங்கிய சாறு, நவம்பர் குளிர் வந்ததும் பாதியிலேயே நின்றுவிடும். நொதிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் சாகாது, உறங்கும். மிச்சச் சர்க்கரையோடு மார்ச்சில் பாட்டிலில் அடைத்துக் கார்க் போட்டால், வெயில் ஏறும்போது ஈஸ்ட் மறுபடி விழிக்கும். இந்தமுறை கரியமில வாயு வெளியேற வழியில்லை, ஒயினுக்குள்ளேயே கரையும். ஷாம்பெயினின் நுரை குளிர் போட்ட இந்த இடைவேளையிலிருந்து வந்ததுதான்.

தொல்லையும் அங்கேதான். லிட்டருக்குச் சுமார் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் பாட்டிலுக்குள் 1 பார் அழுத்தம் ஏறும். இன்று அளந்து 24 கிராம் சேர்க்கிறார்கள். 6 பார் கிடைக்கும், அதாவது கார் டயரில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. அம்மையார் தொழிலுக்கு வந்த காலத்தில் மிச்சச் சர்க்கரையை அளக்க நம்பகமான வழி இல்லை. ஷாலோன் நகரத்து மருந்தாளர் ஜான்-பத்தீஸ்த் பிரான்சுவா அதற்கொரு கணக்கைக் கொடுத்தது 1830களில். அதுவரை நாக்கும் அனுபவமும்தான் கருவி. வாயால் ஊதிச் செய்த பாட்டிலின் சுவரும் ஒரே தடிமனில் இருக்காது. ஒன்று வெடித்தால் தெறிக்கும் கண்ணாடி பக்கத்துப் பாட்டில்களையும் உடைக்கும், அடுக்கு சரியும். நிலவறைக்குள் போகும் ஆட்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு போனார்கள்.

இதற்கு அன்று கைவசம் இருந்த மருந்து ஆழமான சுண்ணப்பாறை நிலவறை. ரெய்ம்ஸுக்கு அடியில் ஆண்டு முழுக்க 10 முதல் 12 டிகிரிதான். அந்தக் குளிரில் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், அழுத்தம் மெதுவாக ஏறும், குமிழியும் சிறிதாக வரும். நொதித்தல் அவசரப்பட்டால் பெரிய பெரிய குமிழிகள் வரும். அதை அந்தத் தொழிலில் 'தேரைக் கண்' என்று பழித்தார்கள்.

வெளியே இன்னொரு பருவநிலை. 1806இலிருந்து, பிரிட்டனோடு ஐரோப்பாக் கண்டம் வணிகம் செய்யக் கூடாது என்று நெப்போலியன் போட்ட 'கண்ட முற்றுகை', துறைமுகங்கள் அடைப்பு. 1810இல் கூட்டாளியும் விலகினார். கம்பெனி முழுக்க அவர் தலையில். அதே ஆண்டுக் கடைசியில் ரஷ்யா, பாட்டிலில் வரும் பிரெஞ்சு ஒயினுக்குத் தடை போட்டது. அவருடைய முக்கியச் சந்தையே ரஷ்யாதான். மறு ஆண்டு, 1811, வால்நட்சத்திரம் தெரிந்த ஆண்டு; நல்ல வெயில், அருமையான விளைச்சல். நல்ல சரக்கு இருக்கிறது, வாங்க ஆளில்லை. அந்தச் சரக்கை அவர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் நிலவறையில் தூங்கவிட்டார்.

1814 ஜூனில், போர் ஓய்ந்த கையோடு, ருவான் நகரிலிருந்து ஒரு டச்சுக் கப்பலில் 10,550 பாட்டில்கள் கிளம்பின. ரஷ்யத் தடை அப்போதும் நீங்கவில்லை. அதனால் சரக்கு போனது பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்குக்கு. விற்பனையாளர் லூயி போன் கூடவே கப்பலேறினார். ஜூனில் ஷாம்பெயினைக் கடலேற்றுவது ஆபத்தான வேலை. கப்பலின் வயிற்றில் வெப்பம் ஏறினால் அழுத்தமும் ஏறும், கட்டு தளரும், கார்க் கசியும். ஆனால் போட்டியாளர்கள் விழிப்பதற்குள் சரக்கு பால்டிக் கரையில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தது, நல்ல விலைக்கு விற்றும் தீர்ந்தது.

இனி வண்டல். இதுதான் அவர் பெயர் நிலைக்கக் காரணம். பாட்டிலுக்குள் நொதித்தல் முடிந்ததும் செத்த ஈஸ்ட் அடியில் படியும். அதோடு ஊற்றினால் கலங்கல். வேறு பாட்டிலுக்கு மாற்றினால் வாயுவும் போகும், ஒயினும் வீணாகும். மணலில் தலைகீழாகக் குத்தி வைக்கும் வழியும் உண்டு. கனமான துகள் இறங்கும், மெல்லிய படலம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். க்ளீக்கோ நிலவறையில் மேசையில் சாய்வாகத் துளை போட்டு, பாட்டிலைக் கழுத்து கீழாகச் செருகித் திருப்பும் முறை உருவானது. 1816 என்று சொல்வது வழக்கம். நிலவறைத் தலைவர் அந்துவான் முல்லருக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

கையால் செய்கிறவர்கள் இன்றும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். முதலில் பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி ஒட்டிய படலத்தைக் கிளப்புவார்கள். அடிப்பாகத்தில் ஒரு வெள்ளைக் கோடு; எவ்வளவு திரும்பியது என்பதற்கு அதுவே அடையாளம். கிட்டத்தட்ட படுக்கைவாக்கில் செருகி, ஒவ்வொரு தடவையும் எட்டில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ வலமாக, இடமாக ஒரு வெடுக்குத் திருப்பு, கூடவே கொஞ்சம் நிமிர்த்தல். நாலு முதல் ஆறு வாரத்தில் பாட்டில் செங்குத்தாகத் தலைகீழாக நிற்கும்; வண்டல் முழுக்கக் கார்க்கின் மேல் உட்கார்ந்திருக்கும். கை அழுத்தமாகத் திருப்பினால் மெல்லிய தூசி மறுபடி ஒயினில் கலந்து, வாரக் கணக்கில் செய்த வேலை வீண். மெதுவாகத் திருப்பினால் படலம் நகரவே நகராது. ஒரு பக்கமாகவே திருப்பினாலும் தூசி சுருள்கோடாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வலமும் இடமும்.

அடுத்தது வண்டலை வெளியே தள்ளுவது. தலைகீழாகப் பிடித்த பாட்டிலை மேல்நோக்கிச் சாய்த்துக்கொண்டே, உள்ளே இருக்கும் வாயுக்குமிழி கழுத்தை எட்டும் அந்தக் கணத்தில் கார்க்கை விட வேண்டும். முந்தினால் ஒயின் கொட்டும், பிந்தினால் வண்டல் திரும்ப உள்ளே ஓடிவிடும். கழுத்தை மட்டும் உறைய வைத்துப் பனிக்கட்டியாக வண்டலைத் தள்ளும் வழி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. குறைந்த அளவை இனிப்புச் சேர்த்த ஒயினால் நிரப்புவார்கள். அன்றைய ரஷ்யர்களுக்கு அது பாகு மாதிரி வேண்டும்; இன்றைய இனிப்புக் குறைந்த 'ப்ரூத்' வகைக்கு லிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே.

அந்த 1816, இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததற்கு மறு ஆண்டு. அதன் விளைவாக ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, விளைச்சல் மோசம். இப்படிப்பட்ட ஆண்டில் ஒயின் கம்பெனியைக் காப்பாற்றுவது முந்தைய நல்ல ஆண்டுகளின் இருப்பு. ஷாம்பெயினில் இன்றும் நல்ல ஆண்டில் கொஞ்சம் ஒயினை ஒதுக்கி வைத்து, உறைபனியோ ஆலங்கட்டியோ அடித்த ஆண்டில் கலந்துகொள்கிறார்கள். பணத்தை வருடக் கணக்கில் முடக்குவது எந்த முதலாளிக்கும் கசக்கும். இதைச் செய்யாமல் அங்கே தொழில் ஓடாது.

உறைபனியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் இரவில் துளிர்த்த மொட்டு மைனஸ் 2 டிகிரிக்கு அருகிலேயே கருகும். தோட்டத்தைச் சூடாக்க வாளியில் மெழுகு எரிக்கும் விளக்குகள் ஹெக்டேருக்குச் சில நூறு வேண்டும்; கூலியும் புகையும் தனி. தண்ணீர் தெளிப்பது இன்னொரு வழி. தண்ணீர் உறையும்போது கிலோவுக்கு 80 கிலோகலோரி வெப்பம் வெளிவரும், மொட்டு பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் பனிக்கட்டி காலையில் உருகும்வரை மோட்டார் நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் ஈரம் ஆவியாகி இன்னும் குளிர்ந்து, தெளிக்காத தோட்டத்தைவிட அதிகம் கருகும். ஷார்தொனே என்ற திராட்சை வகை சீக்கிரம் துளிர்க்கும், முதலில் அடி வாங்குவதும் அதுதான். ஷாம்பெயினின் மார்ன் பள்ளத்தாக்கில் தாமதமாகத் துளிர்க்கும் மெனியே வகைக் கொடியை விரும்பி நடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றைய உரிமையாளர்களுக்கு எதிர்ப்பக்கத் தொல்லையும் சேர்ந்துவிட்டது. 2003இல் ஏப்ரல் உறைபனி கடுமையாக அடித்தது, மிச்சமிருந்ததைக் கோடை வெயில் அவசரமாகப் பழுக்க வைத்து ஆகஸ்டிலேயே பறிக்க வேண்டி வந்தது. சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. அதனால் ஒயினின் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மென்மையாக்கும் பாக்டீரியா நொதித்தலை, முன்பு விரும்பி நடக்கவிட்ட சிலர் இப்போது குளிர்வித்தும் கந்தக டை ஆக்சைடு சேர்த்தும் தடுக்கிறார்கள்; கடைசியில் சேர்க்கும் இனிப்பையும் குறைக்கிறார்கள்.