38 டாலர் கேஸ்: தம்பியோட கோர்ட் டைரி

மார்ச் 3, 2024, ஞாயிறு

காலைல ஆறு மணிக்கு தம்பி போன். "அக்கா திட்டாத, முதல்ல முழுசா கேளு"ன்னான், அப்பவே வயித்துல புளிய கரைச்சுது. நேத்து நியூயார்க் சிட்டி போயிட்டு கடைசி ரயில்ல திரும்பி வந்து ஸ்டேஷன்ல டாக்ஸி ஏறிருக்கான், வாசல்ல இறங்குறப்ப கார்டு டிக்லைன், போன்லயும் சார்ஜ் இல்ல, மேல போய் ரூம்மேட்கிட்ட வாங்கிட்டு வரேன்னு டிரைவர்கிட்ட சொல்லிட்டு போனா ரூம்மேட் இல்ல, சரி போன் அஞ்சு நிமிஷம் சார்ஜ் ஏறட்டும்னு கட்டில்ல உக்காந்தவன் அப்படியே தூங்கிட்டான். கதவு தட்டுற சத்தத்துல எழுந்தா ரெண்டு போலீஸ். வெறும் 38 டாலர்!

கூட்டிட்டு போய் கைரேகை, போட்டோ எல்லாம் எடுத்துட்டு அப்பியரன்ஸ் டிக்கெட்னு ஒரு பேப்பர் குடுத்து அனுப்பிட்டாங்க. 19ஆம் தேதி சாயங்காலம் டவுன் கோர்ட்ல ஆஜராகணும். அம்மாவுக்கு சொல்லல.

மார்ச் 4, திங்கள்

ஆபீஸ்ல வேலையே ஓடல, இதையேதான் படிச்சிட்டு இருந்தேன். தம்பி மேல போட்டிருக்கிறது தெஃப்ட் ஆஃப் சர்வீசஸ், அதாவது சேவைய வாங்கிட்டு காசு குடுக்காத திருட்டு, நியூயார்க் மாநில பீனல் லா 165.15. டாக்ஸிக்கு காசு குடுக்காம போறது, ஹோட்டல்ல சாப்ட்டுட்டு நழுவுறது, கரண்ட் மீட்டர்ல கை வைக்கிறது, சப்வே கேட்ட தாண்டி குதிக்கிறது எல்லாம் இந்த ஒரே செக்‌ஷன்தான். நம்மூர்ல பெட்டி கேஸ்னு முடிச்சிருவாங்க, இங்க கிளாஸ் ஏ மிஸ்டிமீனர்னு ஒரு வகை க்ரைம், 364 நாள் வரைக்கும் ஜெயில் போடலாம்.

அதென்ன 364னு தோணுச்சு. முன்னாடி முழு ஒரு வருஷமாதான் இருந்திருக்கு, 2019ல ஒரு நாள் குறைச்சிருக்காங்க. காரணம் எங்கள மாதிரி வெளிநாட்டுல இருந்து வந்த ஆளுங்கதான்! இந்த நாட்டுக்கு வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள செஞ்ச திருட்டு, மோசடி மாதிரி குத்தத்துக்கு ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை குடுக்க சட்டத்துல இடம் இருந்தா, உண்மையில ஒரு நாள் கூட உள்ள போகலைன்னாலும் நாடு கடத்தலாம்னு ஃபெடரல் சட்டம் இருக்கு. அந்த ஒரு நாள்ல எத்தன பேர் தப்பிச்சிருப்பாங்களோ.

மார்ச் 6, புதன்

தம்பிக்கு வருமானம் ஒண்ணும் பெருசா இல்லாததால பப்ளிக் டிஃபெண்டர், அதாவது அரசாங்க செலவுல நமக்காக வாதாடுற வக்கீல் கிடைச்சாங்க. நல்ல அம்மா, பொறுமையா பேசுனாங்க. இவன் "இன்னைக்கே போய் டிரைவர் கையில 50 டாலர் குடுத்து சாரி சொல்லிடவா"ன்னு கேக்க, அவங்க வேண்டவே வேண்டாம்னுட்டாங்க, அவர் சாட்சி, நீ நேர்ல போனா மிரட்டுனதாவோ கெஞ்சுனதாவோ ஆயிரும், நான் கம்பெனி வழியா அனுப்பி ரசீது வாங்குறேன்னாங்க. காச கட்டிட்டா கேஸ் போயிடும்னும் நினைக்காதீங்கன்னாங்க, இதுல வழக்கு போடறது டிரைவர் இல்ல, அரசாங்கம். ஏமாத்துற எண்ணம் இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி, தூங்கிட்டேன்னா ஜட்ஜ் நம்பணுமே.

ஒண்ணு சொல்லணும், எனக்கு டிரைவர் மேல கோவமே வரல. அந்த குளிர்ல அர்த்தராத்திரில வாசல்ல நின்னுருக்காரு, அடுத்த சவாரியும் போச்சு.

மார்ச் 19, செவ்வாய்

நான் மனசுல வச்சிருந்த கோர்ட்டே வேற. டவுன் ஹால்ல மீட்டிங் நடக்குற அறை, மடக்கு நாற்காலி, ஓரத்துல காபி மெஷின், பாதி பேர் ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு வந்தவங்க. டவுன் ஜஸ்டிஸ் ஓட்டு வாங்கி ஜெயிச்சு வர்றவர், இந்த மாதிரி டவுன் கோர்ட்டுக்கு வக்கீலா இருக்கணும்னு கூட கட்டாயம் இல்ல. சார்ஜ படிச்சாங்க, வக்கீலம்மா நாட் கில்ட்டின்னாங்க, ஏப்ரல் 16க்கு வாய்தா. மூணு நிமிஷம் கூட ஆகல. அந்த 16ஆம் தேதிதான் டிஏ நைட்டாம், டிஏன்னா வழக்கு நடத்துற அரசாங்க வக்கீல், அவங்க ஆபீஸ்ல இருந்து வந்து உக்காருற ராத்திரி.

பக்கத்துல உக்காந்திருந்தவர்கிட்ட பேச்சு குடுத்தேன், சிட்டி சப்வேல கேட் தாண்டுறதுக்கு இப்பல்லாம் பெரும்பாலும் சம்மன் ஃபைனோட முடிஞ்சிரும்னார். வந்து தேடிப் பாத்தா, மன்ஹாட்டன் டிஏ சைரஸ் வான்ஸ் 2017லயே அந்த மாதிரி கேஸ பெரும்பாலும் க்ரிமினல் கோர்ட்டுக்கு எடுத்துட்டு போக மாட்டோம்னு அறிவிச்சிருக்காரு. செக்‌ஷன் ஒண்ணுதான், எந்த ஊர் டிஏ கையில மாட்டுறோம்கிறது வேற.

ஏப்ரல் 16, செவ்வாய்

டிஏ ஆபீஸ்ல இருந்து வந்தது சின்ன பையன், முன்னாடி ஃபைல் அடுக்கு, ஒவ்வொருத்தரா கூப்ட்டு ஓரமா நின்னு பேரம். உண்மையிலயே பேரம்தான், வேற வார்த்தை இல்ல. தம்பிக்கு முதல்ல சொன்னது, டிஸ்ஆர்டர்லி கான்டக்ட்னு, அதாவது பொது இடத்துல ஒழுங்கில்லாம நடந்துக்கிட்டேன்னு ஒத்துக்கோ, 100 டாலர் ஃபைன், அதுக்கு மேல 125 டாலர் சர்சார்ஜ், இன்னைக்கே முடிஞ்சிரும். அது க்ரைம் கூட இல்ல, வயலேஷன்தான். தம்பி மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு, "அக்கா கட்டிட்டு போயிடலாம்"ங்கிறான். எனக்கும் ஆசைதான், உண்மைய சொல்றேன்.

வக்கீலம்மா கைய காட்டி நிறுத்துனாங்க. கட்டினா குத்தத்த ஒத்துக்கிட்டதா ஆயிரும், இவன் ஸ்டூடண்ட் விசால இருக்கான், வேற வழி இருக்கு, ஏசிடி கேக்கலாம்னாங்க. குத்தத்த ஒத்துக்கிட்டா நாடு கடத்துற ஆபத்து இருக்கான்னு கிளையன்ட்டுக்கு வக்கீல் சொல்லியே ஆகணும்னு 2010ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே பாடில்லா தீர்ப்புல சொல்லிருக்காம். டாக்ஸி கம்பெனி ரசீத காட்டி, பத்து நிமிஷம் அந்த பையனோட பேசி ஏசிடி வாங்கிட்டாங்க.

ஏசிடின்னா தள்ளுபடி பண்ற நோக்கத்தோட குடுக்குற வாய்தா. எதையும் ஒத்துக்க வேண்டாம், ஆறு மாசம் எந்த வம்புலயும் மாட்டாம இருந்தா கேஸ் தானா போயிரும், ரெக்கார்டும் சீல் ஆயிரும். நம்மூர்ல வாய்தான்னா ஆள சாகடிக்கிறதுக்கு, இங்க வாய்தா வாங்கிட்டு சந்தோஷமா பீட்சா சாப்ட போனோம்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஆறு மாசம் போன வாரம் முடிஞ்சுது. இன்னைக்கு கிளார்க் ஜன்னல்ல போய் டிஸ்போசிஷன் சர்டிபிகேட் வாங்குனோம், டிஸ்மிஸ்டுன்னு ஒரு வரி, கீழ தடவிப் பாத்தா கைக்கு தட்டுப்படுற மாதிரி சீல். மூணு காப்பி. காலேஜ் குடுத்த ஐ-20 பேப்பர் வச்சிருக்கிற ஃபைல்லயே வச்சாச்சு, ஏன்னா இங்க சீல் ஆனாலும் அடுத்த தடவ விசாவுக்கு போடுற டிஎஸ்-160 ஃபார்ம்ல எப்பவாவது அரெஸ்ட் ஆனியான்னு கேக்குறப்ப ஆமான்னுதான் போடணும், கூட இந்த பேப்பர காட்டணும்.

சாயங்காலம் அம்மா வீடியோ கால். தம்பி போன் கவர்ல ரெண்டு இருபது டாலர் நோட்டு மடிச்சு சொருகி வச்சிருக்கான், அவன் போன எடுத்து மேசைல வைக்கிறப்ப அம்மா கண்ணுல பட்டுருச்சு. "அவசரத்துக்கு தனியா எடுத்து வச்சிருக்கியா? அப்பா மாதிரியே பொறுப்பு வந்துருச்சுடா உனக்கு"ன்னாங்க. நான் சிரிப்ப அடக்க முடியாம கிச்சன் பக்கம் போயிட்டேன்.