துருவங்கள் பதினாறு: திருப்பங்களை எண்ணினால் போதுமா?

திரில்லர் படம் வந்தால் "எத்தனை ட்விஸ்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். 2016 டிசம்பர் கடைசியில் வந்த 'துருவங்கள் பதினாறு' படத்துக்கும் அந்தக் கேள்விதான் வந்தது. முதல் படம் எடுத்த கார்த்திக் நரேனுக்கு அப்போது 22 வயது. நடிகர் ரகுமானைத் தவிர பெரும்பாலும் புதுமுகங்கள், சிறிய பட்ஜெட், 105 நிமிடம். விமர்சகர்களில் பெரும்பாலோர் திரைக்கதையையும் ரகுமானின் அடக்கமான நடிப்பையும் பாராட்டினார்கள். நியாயமான பாராட்டு. ஆனால் திருப்பம் ஏன் வேலை செய்தது என்பதைப் பலர் தொடவே இல்லை.

காரணம் கதை சொல்லும் முறையில் இருக்கிறது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி தீபக் (ரகுமான்), போலீஸில் சேர ஆசைப்படும் ஓர் இளைஞனிடம் கோவையில் நடந்த பழைய வழக்கைச் சொல்கிறார். திரையில் ஓடும் விசாரணை முழுக்க அவர் வாய்மொழி. அதைக் காட்சியாகப் பார்க்கும்போது சாட்சியம் என்பதே மறந்து, நேரில் பார்த்ததாக நம்பிவிடுகிறோம். ஏமாற்றுவது படமல்ல, நம் கண்தான். இயக்குநர் நேர்மையாகவே ஆடியிருக்கிறார்.

சுஜித் சாரங்கின் ஒளிப்பதிவில் இரவும் மழையும் சிறிய பட்ஜெட்டுக்குத் துணை. இருட்டு பின்னணியை விழுங்கிவிடுவதால் பெரிய செட் தேவைப்படாது. அதே இருட்டு படத்துக்குச் சிக்கலும் ஆகிறது. ஒரே வயதுப் பையன்கள் பலர், மங்கிய முகங்கள், வேகமாகக் கடக்கும் பெயர்கள். முதல்முறை பார்ப்பவருக்கு யார் யார் என்பது குழம்பும். கடைசியில் விளக்கங்கள் அடுக்கடுக்காக வருவதால், ஒன்றை உள்வாங்குமுன் அடுத்தது வந்துவிடுகிறது. ஒரே இரவில் இத்தனை பேரும் ஒரே இடத்தைச் சுற்றியே சிக்குவதும் கொஞ்சம் அதிகம்தான்.

இப்படிப்பட்ட படத்துக்கு விமர்சனம் எழுதுபவர்கள் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். இரண்டாம் முறை ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டே குறிப்பு போதும்: இதை யார் சொல்கிறார், அவருக்கு அது எப்படித் தெரியும்? பதில் கிடைக்காத காட்சிதான் கதையின் உண்மையான ஓட்டை. முதல்முறை புரியாமல் போனது ஓட்டை ஆகாது.

எழுதும்போது முடிவைச் சொல்லாவிட்டால் மட்டும் போதாது. "கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள்" என்ற ஒரு வரியே கெடுத்துவிடும். அதைப் படித்தவர் முதல் காட்சியிலிருந்தே தீபக்கையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.