இரண்டாவது நாவல்: இடையில் சில நாட்கள்

ஜனவரி 9

பதிப்பாளர் மறுபடியும் கேட்டார், "அடுத்தது எப்போ?" அன்பாகத்தான் கேட்கிறார், அதுதான் தொந்தரவு. முதல் நாவலை எழுதியபோது நான் எழுதுகிறேன் என்பதே வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. வருஷக்கணக்கில் இழுத்தும் உறுத்தவில்லை. இப்போது ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதற்கு வரப்போகும் மதிப்புரையும் மனசுக்குள் ஓடிவிடுகிறது.

ஜனவரி 17

எழுதின அத்தியாயங்களை ஒரே மூச்சில் படித்தேன். எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன: யாரோ எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் வாசலில் நிற்கிறார்கள். முதல் நாவலில் இந்த இடங்களைத்தான் பாராட்டினார்கள், மௌனத்தை நன்றாகக் கையாள்கிறேன் என்று. பாராட்டு கையில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தம்பி கடன் கேட்க வரும் காட்சியை எடுத்துக்கொண்டேன். அவன் வாய் திறக்காமல் திரும்பிப் போக ஒரு காரணமும் கிடையாது, அவனுக்கு நிஜமாகவே பணம் வேண்டும். கேட்க வைத்தேன். அண்ணன் பழைய பாக்கிப் பேச்சை எடுத்தான். அண்ணி, "அவர் கொடுத்ததா? என் வளையல் கொடுத்தது" என்று நடுவில் புகுந்தாள். அப்புறம் ரெண்டு பக்கத்துக்குச் சண்டை. அழகாக இல்லை. ஆனால் அந்த அண்ணி யாரென்று இன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஜனவரி 18

ஒரு வரிகூட இல்லை.

பிப்ரவரி 2

சுந்தர ராமசாமியின் முதல் நாவல் 1966, இரண்டாவது 1981. அருந்ததி ராய்க்கு 1997, 2017. அமெரிக்க எழுத்தாளர் ரால்ஃப் எலிசனின் முதல் நாவல் 1952இல் வந்தது. அடுத்ததை 1994இல் சாகும்வரை முடிக்கவில்லை, பக்கங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் மிஞ்சின. தாமதத்துக்கு மருத்துவச் சான்றிதழ் மாதிரி இந்தப் பட்டியலை நீட்டுவது எங்கள் வழக்கம். (ராய் இடையில் கட்டுரைகளாக எழுதிக் குவித்ததை மட்டும் சொல்லமாட்டோம்.)

சு.ரா. விஷயத்தில் வருஷக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு புளியமரத்தைச் சுற்றி ஊர்க்கதை சொன்னவர், அடுத்து இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனை உண்டாக்கி, அவனைப் பற்றிய குறிப்புகளையும் அவனுடைய டைரியையும் வைத்தே நாவல் கட்டினார். மரத்தடியைத் தேடி வந்த வாசகருக்கு அங்கே உட்கார இடமில்லை. அந்தத் துணிச்சலுக்குத்தான் நாளாகும் போல.

பிப்ரவரி 11

அப்பா, பாட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் முதல் நாவலிலேயே தீர்ந்தாயிற்று. இனி கேட்டுத்தான் எழுதணும். அண்ணன் பாத்திரம் சர்வேயர் என்பதால் அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் பேசினேன். எல்லைக்கல் நட்டு முடித்ததும் சண்டைக்காரர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து தன்னைத்தான் முறைப்பார்கள் என்றார். இதை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்காது.

பிப்ரவரி 20

கதையை அண்ணி சொல்லட்டும் என்று முடிவாகிவிட்டது. தம்பியின் அத்தியாயங்களில் பாதி போகும், அதில் நல்லவையும் உண்டு. கடன் சண்டை முன்னால் வரும். அவளுடைய அம்மா வீட்டுப் பக்கம் இன்னும் யாருமே உருவாகவில்லை. வளையல் யார் போட்டது என்பதிலிருந்து நாளைக்குத் தொடங்கணும்.