ஆள் தேவை என்ற பலகையும் என் ஜி.எஸ். சான்றிதழும்

வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகிலும் ‘வேலைக்கு ஆட்கள் தேவை’ பலகைதான். தொங்காமல் என்ன செய்யும், 2022 இல் மட்டும் இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வேலை தேடி வெளிநாடு போனார்கள். ஆளில்லை, பெண்கள் வீட்டிலிருந்து வெளியே வர வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, சின்னவனும் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான், நானும் வருகிறேன் என்று 11 வருடத்துக்குப் பிறகு கிளம்பினேன்.

நேர்முகத் தேர்வு பத்து நிமிடம். கணக்குப் பிரிவில் வேலை. வரும்போது ஜி.எஸ். சான்றிதழ், அதாவது இன்ன இடத்தில் வசிக்கிறேன் என்று கிராம சேவகர் எழுதித் தரும் தாள், கொண்டு வாங்க என்றார்கள், அங்கேதான் பிடித்தது சனியன்.

முதல் நாள் ஜி.எஸ்.ஸிடம் போனேன், அலுவலகம் பூட்டு. அடுத்த நாள் ஆள் இருந்தார், வாக்காளர் இடாப்பைப் புரட்டினார், என் பேர் இல்லை. நாலு வருடமாக இங்கேதான் வாடகைக்கு இருக்கிறேன் ஐயா என்றால், இடாப்பில் இல்லையே என்கிறார். எப்படி இருக்கும்? பேரைப் பதியக் கேட்டபோதெல்லாம் வீட்டுக்காரர், “பதிஞ்சா பிறகு நீங்க எழும்ப மாட்டீங்க” என்று மறுத்துவிட்டார். கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை.

என் பேர் இன்னும் கொட்டாஞ்சேனையில், அம்மா வீட்டு இடாப்பில்தான். 100 பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து த்ரீவீல். அங்குள்ள ஜி.எஸ்.ஸுக்கு என் அம்மாவைத் தெரியும், உடனே எழுதித் தந்தார், நானும் சந்தோஷத்தில் வாசிக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். அதை உறுதிப்படுத்தும் மேலொப்பத்துக்குப் பிரதேச செயலகத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, எழுதுநர் அடையாள அட்டையையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பேனா முனையால் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றார். ஆங்கிலத்தில் ஒரு ‘எச்’ விடுபட்டிருக்கிறது. திரும்பவும் ஜி.எஸ்., திரும்பவும் வரிசை. மேசையை விட்டு எழும்பும் முன் வாசித்துப் பாருங்கள், தயவுசெய்து.

பழைய ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இலக்கத்தையும் தேடி எடுத்து வையுங்கள். நான் பழைய சம்பளச் சீட்டு ஒன்றை எறியாமல் வைத்திருந்ததால் தப்பினேன்.

ஒரு கிழமை பிந்திப் போனேன், வேலை போயிருக்கும் என்று பயம். “ஆள் கிடைக்காமல்தானே இருக்கிறோம்” என்று எடுத்துக்கொண்டார்கள். போன மாதம் முதல் சம்பளம். 8 வீதம் ஈ.பி.எப். வெட்டு, அவர்கள் பங்கு 12. வெட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

இன்னும் இரண்டு பேர் வேண்டுமாம். மேல்மாடி அக்காவுக்கு ஆசை இருக்கிறது. முதலில் உங்கள் பேர் எந்த இடாப்பில் என்று பாருங்கள் என்றேன்.