வாடகை ஏறினாலும் பிள்ளைப் பராமரிப்புத் தொகை அசையாது

பிரிட்டனில் பிள்ளையைப் பிரிந்து வாழும் அப்பாமார், பராமரிப்புத் தொகையைக் கணக்கிடும் அரசு அமைப்பான சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸின் கடிதம் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "என் வாடகையை ஏன் கழிக்கவில்லை?" 2012இல் வந்த இப்போதைய கணக்கில் வாடகைக்கு இடமே கிடையாது. 1993 திட்டத்தில் இருந்தது. வீட்டுச் செலவைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்த்தார்கள். சிக்கலான அந்தச் சூத்திரம், 2003 மார்ச் முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் கைவிடப்பட்டது.

இப்போது எடுப்பது வரி பிடிப்பதற்கு முந்தைய வாரச் சம்பளம். விவரம் வரித்துறையிடமிருந்து நேரே போகும். பென்ஷனுக்குக் கட்டுவது கழியும். வாரம் 200 முதல் 800 பவுண்ட் வரை ஒரு பிள்ளைக்கு 12%, இரண்டு பிள்ளைகளுக்கு 16%, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 19%. 600 பவுண்ட் சம்பளம், ஒரு பிள்ளை என்றால் 72 பவுண்ட். வாடகை 150 என்றாலும் 350 என்றாலும் அதே 72தான். வாடகை கட்ட ஓவர்டைம் செய்தால் அந்தப் பணமும் வருமானத்தில் சேரும்.

பிள்ளை அப்பாவிடம் இரவு தங்கினால் தொகை குறையும். ஆண்டுக்கு 52 முதல் 103 இரவு வரை ஏழில் ஒரு பங்கு கழியும். 72 என்பது 61.71 ஆகும். வாரம் பத்துப் பவுண்டுதான் மிச்சம். லண்டனில் அந்தப் பணத்துக்கு இன்னோர் அறை கிடைக்காது. குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் பாடு இன்னும் மோசம். பிள்ளை அம்மாவின் கணக்கில் இருப்பதால், தனியார் வீட்டில் தனியாக வாடகைக்கு இருக்கும் 35 வயதுக்கு உட்பட்ட அப்பாவுக்குப் பொதுவாகப் பகிர்ந்து வாழும் அறைக்கான வாடகை உதவிதான். பிள்ளை தங்கும் இரவுகளை எண்ணுகிற சட்டமே அந்த இடத்தின் செலவைப் பார்க்க மறுப்பது நியாயமில்லை.

வீட்டுச் செலவு நுழைய ஒரு சிறு வாசல் உண்டு: வேரியேஷன் விண்ணப்பம், அதாவது சில தனிச் செலவுகளையும் கணக்கில் சேர்க்கக் கேட்பது. முன்பு இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீடு, இப்போது பிள்ளையும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள், அதன் மார்ட்கேஜை நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால் கேட்கலாம். வாரம் 10 பவுண்டுக்குக் குறைந்தால் எடுபடாது. கழிவது சம்பளத்திலிருந்து, பராமரிப்புத் தொகையிலிருந்து அல்ல. 600 பவுண்டில் 100 கழிக்க அனுமதி கிடைத்தால், மீதி 500க்கு 12%, அதாவது 60 பவுண்ட். நூறு பவுண்ட் கட்டியவருக்குக் குறைவது பன்னிரண்டு.

விண்ணப்பம் விழக்கூடிய இடம் வீட்டுப் பத்திரம். அந்த வீட்டில் உங்களுக்கு எந்த உரிமையும் இருக்கக்கூடாது. உங்கள் பெயர் இன்னும் பத்திரத்தில் இருந்தால், உங்கள் சொத்துக்கு நீங்களே கட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் வீட்டை விற்கும்போது பங்கு வரும் என்று ஒப்பந்தம் இருந்தால் அதுவும் உரிமைதான். ஆகவே விண்ணப்பிக்கும் முன் லாண்ட் ரெஜிஸ்ட்ரி (சொத்துப் பதிவகம்) நகலை எடுத்துப் பாருங்கள். மார்ட்கேஜ் அறிக்கையையும் பணம் போனதைக் காட்டும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

அம்மாவும் பிள்ளையும் இருக்கும் வீட்டு வாடகையை வீட்டுக்காரருக்கு நேரே கட்டுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அம்மா சம்மதித்தால் அதைப் பராமரிப்புத் தொகையில் ஈடுகட்டச் சொல்லிக் கேட்கலாம். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கட்டிவிட்டு, பிறகு அவர் மறுத்தால், வாடகையும் போய் நிலுவையும் தலையில் நிற்கும்.

முடிவு தவறு என்று பட்டால் மறுபரிசீலனை கேட்க 30 நாள்தான். அதற்குப் பிறகே தீர்ப்பாயம்.