சின்ன ஆம்ப்பில் பாடிய குரல்

கோத்தகிரியில் மூன்று நாளாக மழை. தகரக் கூரைச் சத்தத்தில் டிவிகூடக் கேட்கவில்லை, ஆனால் அமெரிக்க ராக் இசைக்குழு தி ஸ்ட்ரோக்ஸ் 2001-ல் போட்ட முதல் ஆல்பம் 'இஸ் திஸ் இட்' மட்டும் அதையும் மீறிக் கேட்கிறது, ஏனென்றால் பாடகர் ஜூலியன் காசாபிளாங்காஸின் குரலை வீட்டில் கிட்டார் பழகும் சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) வழியாக விட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள், ஓரமெல்லாம் கரகரவென்று, யாரோ பழைய லேண்ட்லைனில் பேசுவதுபோல. அந்தக் கரகரப்புதான் எனக்கு உயிர்.

11 பாட்டு, 36 நிமிடச் சொச்சம். இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று இடிக்காமல் பின்னிக்கொண்டே போகும், ஹெட்போனில் இடது வலது பிரித்துக் கேளுங்கள். அப்புறம், ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 2018 ஆல்பத்தின் முதல் வரியிலேயே ஸ்ட்ரோக்ஸ் பெயர் வரும்!

தம்பி, நீ கொடுத்த சிடி இன்னும் கீறல் விழாமல் இருக்கிறதுடா. தீபாவளிக்கு ஊருக்கு வா, சேர்ந்து கேட்போம்.